ஏழுமலையின் தாகம்

1

இந்த ஜெர்மனியில், வயிற்றிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று மருத்துவர் சொல்வதற்குத் தடையில்லை. ஸ்கேன் திரையை நம் பக்கம் திருப்பி, நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொல்லிவிடுகிறார்கள். சென்ற ஆவணி மாதம் ஒரு பிற்பகலில் என் மகள் நித்யா நான் வேலை செய்யும் நூலகத்துக்கே வந்துவிட்டாள். வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகங்களை நான் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்று, "அம்மா, பையன்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தோளின் மேல் என் முகம் இருந்ததால், அதில் என்ன தெரிந்தது என்பதை அவள் பார்க்கவில்லை. முப்பது வருடங்களாக நான் வாழும் இந்த ஊரில், நூலகத்தின் நடுக்கூடத்தில் நின்றபடி, என் மனம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: இவனுக்குத் தாகம் எடுக்குமா?

எங்கள் தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும். கோடையில் எல்லோருக்கும் எடுக்கும் தாகமன்று அது. அம்மாவின் தம்பி ஒருவர் வயலுக்குப் போகும்போது தூக்குச் சோற்றை மறந்தாலும் தண்ணீர்ப் பானையை மறந்ததில்லையாம். அடுத்த தலைமுறையில் அது என் தம்பி ஏழுமலைக்கு வந்தது.

ஏழுமலை இன்று, தெலுங்கு எல்லையோரம் எங்கள் ஊரிருக்கும் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அவன் இருக்கைக்கு இடப்புறம் ஒரு பெரிய தண்ணீர் கேன் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஷிப்ட் முடிந்து திரும்புவதற்குள் அது காலியாகிவிடும். குடித்ததெல்லாம் அப்படியே இறங்கிவிடுவதால் வழியில் பலமுறை பஸ்ஸை ஓரங்கட்டுவான். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அந்த பஸ்ஸில் நானும் ஏறினேன்.

"இன்னா ஏழுமலண்ணா, மொதல்ல பஸ்ஸுக்கு ஊத்தினியா, உனக்கு ஊத்தினியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"எனக்குதாம்மா. டீசலு இல்லன்னா பஸ்ஸு மட்டும்தான் நிக்கும். தண்ணி இல்லன்னா டிரைவரே நின்னுடுவான்."

பஸ் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒரு தம்பியும் அவனுக்கு ஓர் அண்ணனும் இல்லாமற்போன கதை இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

2

அம்மாவும் நைனாவும் அன்று நிலமில்லாதவர்கள். பிறர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு அடுத்துப் பிறந்தவன் செல்வம். அவன் பேர் சொல்லிக் கூப்பிடும் வயதை எட்டவில்லை. காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது, வாய் உலர்ந்தது. காய்ச்சலோடு இருக்கும் கைக்குழந்தைக்குத் தண்ணீர் காட்டினால் சளி கட்டும் என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. கொடுக்கவில்லை. காய்ச்சலுக்குப் போட்ட ஈரத்துணி பக்கத்தில் இருந்தால் அதைச் சப்புவதற்காகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அதை ஒருமுறைதான் சொன்னாள்.

ஏழுமலை பிறந்தபோது எனக்கு விவரம் தெரிந்துவிட்டது. அவனும் அதேபோல் தலையைத் திருப்பினான். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கழனிக்குப் போவாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை நனைத்து அவன் வாயில் பிழிவாள். "யாருனா வராங்களா பாரு" என்று என்னைக் காவல் நிறுத்துவாள். பார்த்துவிட்ட ஒருத்தி, "இன்னாடி, இந்தப் புள்ளயையும் கொல்லப் போறியா?" என்று கேட்டபோது, அம்மா துணியைப் பிழிவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்: "புள்ள கேக்குது. நான் குடுக்குறேன்."

அவன் பிழைத்தான். பிழைத்தால் செய்வதாக அம்மா நாராயணவனம் பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்கு, நாராயணவனத்துச் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவது. அதற்கு இரண்டு விதிகள் வைத்தாள். பந்தலில் நின்று கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு முதல் யாத்ரீகர் வந்து குடிக்கும்வரை ஏழுமலை ஒரு வாய் குடிக்கக் கூடாது.

அம்மா போன பிறகும் பந்தல் நிற்கிறது. நடக்கிறவர்கள் விடியலிலேயே வந்துவிடுவதால் இரண்டாவது விதி யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. தாகம் என்பது பெருமாள் அவன் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு பந்தலை நினைவூட்டுவது என்றே வீட்டில் பேச்சு. நானும் நெடுங்காலம் அதை மறுத்துப் பேசியதில்லை. நித்யாவின் செய்திக்குப் பிறகு மறுக்க வேண்டியதாயிற்று.

3

இங்கே மரபணுப் பரிசோதனை என்றால் ரத்தம் கொடுத்துவிட்டு வருவது அன்று. முதலில் குடும்ப மருத்துவரின் பரிந்துரை, பிறகு தபாலில் ஒரு தேதி, அந்தத் தேதியில் ஆலோசனை, யோசிக்க அவகாசம், அதன்பின் கையெழுத்து. நித்யா வருவதற்கே விரும்பவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்னிடம் தமிழில் தொடங்கும் எந்த வாக்கியமும் அவளுக்குப் பாதியில் ஜெர்மனாகிவிடும். "அம்மா, இது உங்க ஊர் சாமிக் கதை. என் குழந்தையை அதுக்குள்ள இழுக்காதீங்க" என்றாள். தமிழிலேயே சொல்லி முடித்தாள். அதனால் அது அதிகமாக வலித்தது. ஆனாலும் நான் விடவில்லை. "கதையாக இருந்தால் மருத்துவர் சொல்லட்டும்" என்றேன்.

ஆலோசனை அறையில் என் ஜெர்மன் என்னைக் கைவிட்டது. தம்பிக்கு உடம்பில் சூடு என்று ஊரில் சொல்வார்கள் என்பதை நான் அப்படியே பெயர்த்துச் சொல்ல, அந்த மருத்துவர் அம்மையார் 'அடிக்கடி காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டார். திரும்பத் திரும்பச் சொல்லித் திருத்தினேன். கேன், பஸ், ஈரத்துணி, செல்வம் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "யார் வழியாக வருகிறது?" என்று கேட்டார். பெண்கள் வழியாக, ஆண்களுக்கு என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று அவர் காகிதத்தில் வரைந்து விளக்கியதை நான் பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். உடம்பில் தண்ணீர் குறையும்போது மூளை, ரத்தத்தின் வழியே சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது: தண்ணீரைப் போகவிடாதே, திருப்பி அனுப்பு. சிறுநீரகக் குழாய்களின் செல்களில், வெளிச்சுவராக இருக்கும் சவ்வின் மேல் ஒரு புரதம் அந்த ஹார்மோனுக்காகவே காத்து நிற்கிறது. ஏற்பி என்பார்கள். வந்ததைப் பற்றிக்கொண்டு சேதியை உள்ளே கடத்துவது அதன் வேலை. சேதி கிடைத்ததும் செல், தண்ணீருக்கான வாயில்களைத் திறக்கிறது. போகவிருந்த தண்ணீர் உடம்புக்குத் திரும்புகிறது. அந்த ஏற்பியைக் கட்டுவதற்கான குறிப்பு, எக்ஸ் குரோமோசோமில் ஏவிபிஆர்-2 என்ற மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஏற்பி உருக்குலைந்துபோகலாம். சுவருக்கே வந்து சேராமல் செல்லுக்குள் தங்கிவிடலாம். மூளை கத்திக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு அங்கே யாருமில்லை.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே. அம்மாவிடம் பழுதான எக்ஸ் ஒன்று இருந்தது. அது எனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். என்னிடமிருந்து நித்யாவுக்கும் அப்படியே; நித்யாவிடமிருந்து பையனுக்கும் அப்படியே.

அந்தச் சுவரை ஏற்பி ஏழு முறை ஊடுருவி நிற்கிறது என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஏழுமலையிடம் சொன்னால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"உங்கள் தம்பியின் ரத்தம் முதலில் வேண்டும்" என்றார் மருத்துவர். "மகளின் மரபணுவில் தேடி ஒன்றும் தென்படாவிட்டால், இல்லை என்று பொருளா, எங்களுக்குத் தெரியவில்லை என்று பொருளா? நோய் உள்ளவரிடம் கண்டுபிடித்துவிட்டால், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகிவிடும்."

பிறந்த குழந்தைக்கு முதல் மாதங்களில் பால் மட்டுமே, தண்ணீர் கூடாது என்பது இங்கும் ஊரிலும் மருத்துவர்கள் சொல்லும் விதி. நல்ல விதி. ஆனால் இந்தப் பழுதுள்ள குழந்தைக்கு, மருத்துவர் அளந்து சொல்லும் தண்ணீரே உயிர். தெரியாமல் காத்திருந்தால் மூளையே பாதிக்கப்படலாம். எங்களுக்குப் பிறக்கப்போவது எந்தக் குழந்தை? அதற்கு விடை சத்தியவேடு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

4

"ரத்தமா? எதுக்குக்கா?" என்றான் ஏழுமலை தொலைபேசியில்.

சொன்னேன்.

"வந்தா வரட்டும்கா. குடிச்சிட்டுப் போறான். அங்க இன்னா தண்ணிப் பஞ்சமா?"

"செல்வத்தோட காலத்துல நம்ம ஊர்ல பஞ்சமாடா?"

அவன் குரல் தணிந்தது. "இத நோவுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, கவிதாவ எவன்கா கட்டுவான்? புத்தூர்காரங்க வந்து பாத்துட்டுப் போயிக்கீறாங்க. தை பொறந்தா முடிச்சிடலாம்னு பேசிக்கினு கீறோம். வாணாம்கா. உனக்கு நான் எதுலயும் இல்லன்னு சொன்னதில்ல. இதுல சொல்றேன்."

கவிதா அவனுடைய ஒரே மகள். ஸ்ரீசிட்டியில் செல்போன் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. அவன் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அவன் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். தகப்பனிடம் இருப்பது ஒரே எக்ஸ். மகளுக்கு அதைத் தவிர வேறொன்றைக் கொடுக்க அவனால் முடியாது. கவிதாவிடம் அது இருக்கிறது. சந்தேகமேயில்லாமல் இருக்கிறது. நாளை அவளுக்குப் பிறக்கும் மகனும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

தொலைபேசியில் சொல்வதற்குரிய செய்தியன்று அது. நூலகத்தில் விடுப்புக் கேட்டேன். நித்யா விமான நிலையத்துக்கு வந்தாள்; ஆனால், "பாவம்மா மாமா, அவரை வற்புறுத்தாதீங்க" என்றாள். "வற்புறுத்தமாட்டேன், கேட்பேன்" என்றேன்.

5

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நாராயணவனத்துச் சாலையில் தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு பிளாஸ்டிக் டிரம், ஒரு அண்டா மோர். முந்தைய இரவின் மழையில் நாகலாபுரம் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறி, நடக்கிறவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்களாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை.

ஏழுமலை டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. நாக்கு வாயில் ஒட்டிக்கொள்ள, பேச்சு குழறியது. கண்கள் உள்ளே போயிருந்தன. முன்பெல்லாம் இதைப் பார்த்து, பக்தி என்று நினைத்திருப்பேன். இப்போது அவன் ரத்தத்தில் உப்பு ஏறுவது என் கண்ணுக்கே தெரிவதுபோல் இருந்தது.

"குடிடா" என்றேன்.

"வருவாங்கக்கா."

கவிதா என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "அத்த, நீ செருப்ப கழட்டு."

"எதுக்கு?"

"ஆளு வர நேரமாச்சின்னா நான்தான் அந்தத் திருப்பம் வரிக்கும் போயி, கோவிந்தா போட்டுக்கினு நடந்து வருவேன். நைனா எனக்குக் குடுத்துட்டு, அப்புறம் அவரு குடிப்பாரு. நாந்தான்னு அவருக்கும் தெரியும். யாரும் பேசிக்க மாட்டோம். இந்த வருசம் நீ போ. தூரத்துலேர்ந்து வந்துக்கீறே."

இப்படி ஒரு ஏற்பாடு தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன். செருப்பைக் கழற்றினேன். ஈரத் தாரில் வெறுங்காலோடு திருப்பம் வரை போய்த் திரும்பி நடந்தேன். ஜெர்மனிக் காலுறைக்குப் பழகிய பாதங்களில் ஒவ்வொரு ஜல்லியும் குத்தியது. "கோவிந்தா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

ஏழுமலை எழுந்து நின்றான். சொம்பில் மொண்டான். முகத்தில் மட்டும் குறும்பு வறண்டுபோகவில்லை. "எந்த ஊரும்மா?"

"ஜெர்மனி."

"நடந்தேவா?"

"பாதி தூரம் பறந்துக்கினு வந்தேன்."

நான் குடித்தேன். உடனே அவன் குடித்தான். சொம்பு சொம்பாக, மூச்சு வாங்காமல், சட்டை முழுதும் நனைய. அவன் நிறுத்தும்வரை காத்திருந்தேன்.

"பந்தல்ல நின்னு கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீறா" என்றேன். "நான் இன்னும் கேட்டு முடிக்கல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, இது நாயமில்ல. சாமி பந்தல்ல வந்து மடக்குறியே."

"என் பேரனும் தண்ணி கேக்கப் போறவன்தான்டா. கேக்க வாயி இருக்காது. அது எத்தினி நாளு தலையத் திருப்பிக்கினு இருக்கணும்?"

அவன் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எம் பொண்ணு..."

"எனக்கு இருக்குது நைனா" என்றாள் கவிதா.

இருவரும் திரும்பினோம். அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அத்த போன்ல பேசினத நீ சொன்னியே, அன்னிக்கே செல்போன்ல தேடிப் பாத்தேன். நீ ரத்தம் குடுத்தாலும் இருக்குது, குடுக்காட்டியும் இருக்குது. மறைச்சி என்னக் கட்டிக் குடுத்து, எனக்கு ஒரு புள்ள பொறந்து, அது ஈரத்துணியத் தேடுச்சின்னா, அங்க கீறவங்க தண்ணி குடுக்க வாணாம்பாங்க. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு மோட்டார் கொட்டகை இருக்குமா?"

ஏழுமலை சாலைப் பக்கம் திரும்பினான். திருப்பத்தில் மஞ்சள் வேட்டிகள் தெரிந்தன. நாகலாபுரத்தில் தங்கியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவன் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"செல்வத்துக்கு எவனும் குடுக்கல" என்றான், என்னைப் பார்க்காமல். "திங்கக்கிழம லீவு போட்டுக்கினு வரேன்."

திங்கட்கிழமை திருப்பதியில், ரத்தம் சேகரித்துப் பெருநகரத்துக்கு அனுப்பும் ஒரு பரிசோதனை நிலையத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஊசியோடு வந்த பெண் தெலுங்கில், "அண்ணா, ஏமைனா தின்னாரா?" என்று கேட்டாள். ஏழுமலை மடியிலிருந்த பாட்டிலைக் காட்டி, "தினலேது. தாகினானு. இங்கா தாகுதானு" என்றான். சாப்பிடவில்லை, குடித்தேன், இன்னும் குடிப்பேன் என்று அவன் சொன்னதில் அவள் சிரித்துவிட்டாள். ரத்தம் குழாயில் ஏறும்போது, அந்த ஏற்பி சுவரை ஏழு முறை ஊடுருவி நிற்பதை அவனிடம் சொன்னேன்.

"ஏழா?" என்று கேட்டான். "அப்ப அங்கயும் ஏறித்தான் போவணுமா?"

அதே நாளில் அங்கேயே ஒரு சிறுநீரக மருத்துவரையும் பார்த்தோம். முதல் யாத்ரீகருக்காகக் காத்திருக்கும் வழக்கத்தைக் கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டார். ஏழுமலை கைகட்டிக் கேட்டுக்கொண்டான்.

6

கார்த்திகையில் முடிவு வந்தது. ஏழுமலையின் ஏவிபிஆர்-2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டதால் இங்கே ஜெர்மனியில் எங்கள் ரத்தத்தைச் சோதிக்க அதிக நாள் ஆகவில்லை. அது என்னிடம் இருந்தது. நித்யாவிடமும் இருந்தது. அந்தக் காகிதத்தை நித்யா இரண்டு முறை படித்தாள். பிறகு, "பாட்டி துணியிலதானே குடுத்தாங்க? எப்படிக் குடுத்தாங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். என் தாயைப் பற்றி அவளாகக் கேட்டது அதுவே முதல் முறை. சமையலறைக் கைத்துண்டை நனைத்துப் பிழிந்து காட்டினேன்.

புத்தூர் மாப்பிள்ளையிடம் கவிதாவே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்; பிறகு வரவில்லை. ஏழுமலை இதை என்னிடம் சொல்லவில்லை. கவிதாதான் சொன்னாள். "நீ அழாத அத்த. கேட்டுட்டு நிக்கிறவன் எவனாச்சும் வருவான். கேட்டுட்டு ஓடுறவன் இப்பவே ஓடுறது நல்லதுதானே?" அவள் குரலில் உடைசல் இருந்தது. ஆனால் அவள் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நானும் அவள் தகப்பனிடம் கேட்டதைத் திரும்பப் பெற விரும்பவில்லை. அதன் விலையை அவள் கொடுத்தாள் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்கழியில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பையன் பிறந்தான். தொப்புள்கொடி ரத்தம் நேரே பரிசோதனைக்குப் போனது. விடை வரும்வரை அவன் ரத்தத்தின் உப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விடை வந்தது: இருக்கிறது. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர், மருந்தைப் பற்றியும் பாலின் அளவைப் பற்றியும் சொல்லிவிட்டு, இன்றிலிருந்து பாலுக்கு நடுவே தண்ணீர் என்றார். தாதி, அளந்து ஊற்றிய சிறு புட்டியைக் கொண்டுவந்தாள். எங்கள் வழியில் ஒரு ஆண்குழந்தைக்கு யாரும் பார்க்காதபடி காவல் நிறுத்தாமல் தண்ணீர் வந்தது.

நித்யாதான் ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். ஏழுமலை பஸ்ஸைத் தடா என்ற ஊருக்கு முன்னால் ஓரங்கட்டியிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் கவிதாவும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் திரைக்குள் தலையை நீட்டினார்கள். அவன் கையில் பாட்டில் திறந்திருந்தது. குடிக்கவில்லை.

"குடிடா, இன்னாத்துக்குக் காத்துக்கினு கீறே? டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றேன்.

"தெரியும்கா. இந்த ஒருவாட்டி மட்டும். மொத ஆளு குடிக்கட்டும்."

பையன் தலையைத் திருப்பினான். நித்யா புட்டியை அவன் உதட்டருகே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இதற்காகவே வந்தவனைப்போல, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சினான். புட்டி காலியானதும் நித்யா அதைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"குடிச்சிட்டான், மாமா" என்றாள் தமிழில், நிறுத்தி நிதானமாக. "நீங்களும் குடிங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கோவிந்தா என்று கத்தினார்கள். ஏழுமலை அண்ணாந்து குடித்தான்.